சிரித்தாரா, அழுதாரா

எனக்கும் என் நண்பனுக்கும் நடுவே இருபத்தாறு வருஷம் ஒரு வழக்கு நடந்தது. நீதிமன்றம், மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்குப் போகும் காலை ரயிலில் இஞ்சினிலிருந்து நான்காவது பெட்டி. மாலையில் திரும்பும்போது அதே பெட்டியில் மேல்முறையீடு.

வழக்கு இதுதான். நாங்கள் இருவரும் உயிராக நினைக்கும் ஒரு பாடகி, தன் பழைய பாட்டு ஒன்றில், இரண்டாவது சரணத்தைத் தொடங்கும் முன் சின்னதாக ஒரு சத்தம் எழுப்புகிறார். அரை விநாடி இருக்கும். அது சிரிப்பு என்பான் அவன். அழுகை என்பேன் நான். அவன் சர்ச் கொயரில் அடிக்குரல் பாடுகிறவன். மூச்சைப் பற்றி எனக்குப் பாடம் எடுப்பான். அழுகிறவர்களுக்கு மூச்சு உள்ளே போகும், சிரிக்கிறவர்களுக்கு வெளியே வரும், இது வெளியே வருகிற மூச்சு என்பான். எனக்கு அந்த விஞ்ஞானமெல்லாம் தெரியாது. வராத கடிதத்துக்காகக் காத்திருக்கும் ஒருத்தியின் பாட்டு அது. அந்த இடத்தில் யாராவது சிரிப்பார்களா, உன் மாமியாரே இருந்தாலும் அழுதிருப்பார் என்பேன். அவன் மாமியார் அழுது யாரும் பார்த்ததில்லை. ஆகையால் அந்த வாதம் எடுபடவில்லை.

கேசட்டில் கேட்டால் இரைச்சலோடு சேர்ந்து இரண்டு மாதிரியும் கேட்கும். பிற்பாடு அந்தப் பாட்டைச் சுத்தம் செய்து போனில் கேட்கிற மாதிரி விட்டார்கள். சுத்தம் செய்த புண்ணியவான் இரைச்சலோடு சேர்த்து அந்த அரை விநாடியையும் துடைத்து எடுத்துவிட்டான். இருந்த ஒரே சாட்சியும் போயிற்று. இனி அவர் நம் கண்ணெதிரே நின்று பாடினால்தான் தீர்ப்பு.

எங்கள் பெட்டியைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். தினமும் ரயிலில் போய்வருகிறவனின் உடம்பு ஒரு தனி ரகம். சாய்ந்துகொள்ள ஒரு முதுகுப்பலகை, லேசான ஆட்டம், காதில் ஏதாவது ஒரு தாளம், இவை மூன்றும் கிடைத்துவிட்டால் தாலி கட்டுகிற நேரமானாலும் தூங்கிவிடும். தங்கவயலில் பாதிப் பேர் இப்படித்தான். விடியும் முன் கிளம்பி, பெங்களூரில் வேலை பார்த்து, இருட்டிய பிறகு வீடு வந்து சேருகிறவர்கள் வேறு எங்கே தூங்குவது? ஆகையால் ரயிலில் ஒரு ஏற்பாடு வைத்திருந்தோம். பின்னால் இறங்குகிறவன் முன்னால் இறங்குகிறவனை எழுப்பிவிட வேண்டும். முகம் தெரியாதவனாக இருந்தாலும், இறங்குகிற இடத்தைச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடலாம். எழுப்பிவிடுவார்கள். தோளைத் தட்டுவார்கள், தொடையில் அடிப்பார்கள், ஒருமுறை ஒரு அம்மாள் என் முகத்தில் தண்ணீர்கூடத் தெளித்தார்.

நான் இறங்குவது கோரமண்டல். நண்பன் நந்திதுர்க் பக்கத்துக்காரன், அதற்கு அடுத்த ஸ்டேஷன். எனவே இருபத்தாறு வருஷமும் என் தூக்கம் அவன் பொறுப்பில் இருந்தது. தான் தூங்கிவிடாமல் இருக்க அவன் பாடிக்கொண்டு வருவான். மாலூர் தாண்டினால் அந்தப் பாட்டுத்தான். என் டிபன் பாக்ஸ்தான் தபேலா. முதல் சரணம் முடிவதற்குள் எனக்குக் கண் சொருகிவிடும். அப்புறம் காதருகே டிபன் பாக்ஸில் இரண்டு தட்டு, "கோரமண்டல் வந்துச்சு, எந்திரிடா." எந்தச் சத்தத்துக்காக அத்தனை வருஷம் சண்டை போட்டேனோ, அந்தச் சத்தம் வருகிற இடத்தை ரயிலில் ஒருநாள்கூட நான் முழித்திருந்து கேட்டதில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இரண்டு வருஷம் முன்பு அவன் ஓய்வு பெற்றான். மகன் பெங்களூரின் ஏதோ ஒரு மூலையில் பதினோராவது மாடியில் வீடு வாங்கி, அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு போய்விட்டான். நான் தினமும் பெங்களூருக்குத்தான் போகிறேன். ஆனால் ஸ்டேஷனிலிருந்து அவன் வீட்டுக்குப் போகிற நேரத்தில் தங்கவயலுக்கே வந்துவிடலாம். முதலில் வாரம் ஒருமுறை போன் பேசினோம். பிறகு கிறிஸ்துமஸ், பொங்கல். பிறகு தினமும் காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூப் படம் மட்டும் அனுப்பினான். அந்தப் படங்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும். ஒருநாள் அதுவும் நின்றுவிட்டது. அப்புறம் இரண்டு நாள் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ரிப்பேர் ஆகிவிட்டதோ என்று.

நானே கூப்பிட்டிருக்கலாம். ஆனால் அறுபதை நெருங்கும் இரண்டு ஆம்பிளைகள் ஒரு காரணமும் இல்லாமல் போன் செய்து 'சும்மாதான்' என்று சொல்லிக்கொள்வது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. யாராவது செத்திருக்க வேண்டும், அல்லது யாருக்காவது கல்யாணம் ஆகவேண்டும். என் வீட்டில் இரண்டுக்கும் வழியில்லை. நான் ஒண்டிக்கட்டை. ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்பவர்களுக்காக வருஷத்துக்கு ஒரு காரணம் தயாரித்து வைத்திருந்தேன். இப்போது யாரும் கேட்பதில்லை. நல்ல நல்ல காரணங்கள் சில செலவாகாமல் மிச்சம் இருக்கின்றன.

இந்த நிலையில்தான் அந்தப் பாடகியம்மா பெங்களூரில் பாட வருகிறார் என்று தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பெரிய அரங்கம். நண்பனுக்குச் செய்தி அனுப்பினேன், வருகிறாயா என்று. மறுநாள் பதில் வந்தது: "முட்டி வலி மச்சான். நீ போய் கேட்டுட்டு வந்து சொல்லு."

கேட்டுவிட்டு வந்து சொல்லு. இந்த ஒரு வரியை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் என் மரியாதை போய்விடும். எனக்கு இது போதும். கச்சேரிக்குப் போவேன், அந்த அரை விநாடியை என் காதால் கேட்பேன், மறுநாள் அவனைக் கூப்பிடுவேன். சிரிப்பா அழுகையா என்று சொல்லாமல் பத்து நிமிஷம் இழுத்தடிப்பேன். அவன் திட்டுவான். ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் பேச்சு ஓடும். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் டிக்கெட் வாங்கினேன் என்று சொன்னால் பாடகி கோபித்துக்கொள்வாரோ என்னவோ.

ஞாயிற்றுக்கிழமை ரயில் காலியாக இருந்தது. கல்யாணத்துக்குப் போகிறவன் மாதிரி இஸ்திரி போட்ட சட்டை, காலில் பாலிஷ் போட்ட ஷூ. கண்டோன்மெண்டில் இறங்கியதும் பசி எடுத்தது. அங்கேதான் முதல் தப்பைச் செய்தேன். ஒரு மிலிட்டரி ஓட்டலில் உட்கார்ந்து இரண்டு உருண்டை ராகிக் களியும் கோழிக்குழம்பும் சாப்பிட்டேன். சப்ளை செய்தவர் மூன்றாவது உருண்டைக்குக் கன்னடத்தில் அன்பாக வற்புறுத்தினார். அன்பாகப் பேசுகிறவர்களிடம் நான் இப்போதெல்லாம் மறுத்துப் பேசுவதில்லை.

அரங்கத்தில் என் நாற்காலி சிவப்பு மெத்தை போட்டது. சாய்ந்தால் கூடவே சாய்ந்து கொடுத்தது. மேலேயிருந்து சில்லென்று காற்று. போனை அணைத்துவிடுங்கள் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அங்கே வந்திருந்த இரண்டாயிரம் பேரில் அதை நம்பி அணைத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். எனக்கு வலது பக்கம் ஒரு பெண், முப்பது வயசு இருக்கும், அவள் அம்மாவோடு வந்திருந்தாள். போனை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு தயாராக இருந்தாள். இடது பக்கம் நடைபாதை.

அவர் வந்தார். இப்படித்தான் வருவார் என்று நான் நினைத்த எந்த மாதிரியிலும் வரவில்லை. அறிவிப்பாளர் இன்னும் அவருடைய பெருமைகளை அடுக்கிக்கொண்டிருக்க, வாத்தியக்காரர்களின் நடுவே ஒரு குள்ளமான அம்மாள் புகுந்து தபேலாக்காரரிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடி கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கியது. யாரோ கோரஸ்காரப் பெண் என்று நினைத்தேன். அவர் திரும்பி ஒரு கையைத் தூக்கினார், அவ்வளவுதான், இரண்டாயிரம் பேரும் வாயை மூடினோம். பேசும்போது அவர் குரல் கரகரவென்று மார்க்கெட்டில் கூவி விற்கிறவர் குரல் மாதிரி. பாட வாயைத் திறந்தால் அந்தக் கரகரப்பு எங்கே போகிறது என்று தெரியவில்லை. இரண்டாவது பாட்டில் ஒரு வரியைத் தப்பாக எடுத்துவிட்டார். பாட்டை நிறுத்தி, தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டு, மறுபடி ஆரம்பிக்கச் சொன்னார். கூட்டம் கைதட்டியது. ஒரு கணக்கைத் தப்பாக எழுதினால் நான் வேலை பார்க்கும் குடோனில் யாரும் கைதட்டுவதில்லை. பாடும்போது விரலை நீட்டி கூட்டத்தில் யாரையாவது காட்டுவார். அந்த வரிசையில் இருந்த அத்தனை பேரும் தன்னைத்தான் காட்டினார் என்று நிமிர்ந்து உட்காருவார்கள். நானும் இரண்டு தடவை நிமிர்ந்தேன்.

நான்காவதாக, வயலின்கள் மெல்ல எழுந்தன. அந்தப் பாட்டு. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டேன். காதைத் தீட்டிக்கொண்டேன். பல்லவி முடிந்தது. தபேலா உள்ளே வந்தது. முதல் சரணத்தில் அவர் குரல் இறங்கிய இடத்தில், முப்பது வருஷத்துக்கு முந்தைய அதே குரல், ஒரு இழைகூடப் பிசகாமல்...

மடாரென்று ஒரு சத்தம். கண்ணைத் திறந்தால் இருட்டு. எங்கேயோ வெளிச்சம் தெரிகிறது, பக்கத்தில் நண்பனைக் காணோம், ஸ்டேஷன் தாண்டிவிட்டது. துள்ளி எழுந்தேன். கூப்பாடு போட்டேன்.

"கோரமண்டல் பூட்சா?"

மடாரென்று கேட்டது கைதட்டல். பாட்டு முடிந்து, கைதட்டலும் ஓய்ந்து, அவர் தண்ணீர் குடிக்கத் தம்ளரைத் தூக்கியிருந்த அந்த நிசப்தத்தில்தான் நான் கத்தியிருக்கிறேன். அரங்கம் முழுக்கத் திரும்பியது. மேடையில் தம்ளர் பாதி வழியில் நின்றது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவர் என் பக்கம் உற்றுப் பார்த்தார். நான் நின்றுகொண்டிருந்தேன், உட்கார வேண்டும் என்று காலுக்குத் தெரியவில்லை.

"இன்னும் வரலைங்க," என்றார் ஒலிவாங்கியில், அந்தக் கரகரக் குரலில். "உக்காருங்க. வந்தா நானே எழுப்பி விடறேன்."

இரண்டாயிரம் பேர் சிரித்தார்கள். தபேலாக்காரர் முகத்தைப் பொத்திக்கொண்டார். நான் உட்கார்ந்தேன். வெட்கம் வருமுன் இன்னொன்று வந்தது. எழுப்பி விடறேன் என்று என்னிடம் ஒருவர் சொல்லி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பக்கத்துப் பெண் என் முகத்தைப் பார்த்துவிடப் போகிறாளே என்று இருமுவது போலச் செய்தேன்.

அவளிடம் மெதுவாகக் கேட்டேன், எந்தப் பாட்டு முடிந்தது என்று. சொன்னாள். அந்தப் பாட்டேதான். முழுசாகப் பாடிவிட்டாரா, இரண்டாவது சரணமும் பாடினாரா என்று கேட்டேன். எல்லாம் பாடியாயிற்றாம். அந்தச் சரணத்துக்கு முன்னால் சிரித்தாரா, அழுதாரா? அவள் என்னைப் பார்த்த பார்வையில், இந்த ஆள் இன்னும் முழுசாக எழுந்திருக்கவில்லை என்று எழுதியிருந்தது. தான் போனில் படம் சரியாக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்ததாகவும், கவனிக்கவில்லை என்றும் சொன்னாள்.

"எழுப்பியிருக்கலாமேம்மா," என்றேன்.

"எப்படி அங்கிள் தொட்டு எழுப்பறது? நிம்மதியா தூங்கிட்டு இருந்தீங்க."

மீதிக் கச்சேரி முழுக்க நான் கண் இமைக்கவில்லை. நடுவில் ஒருமுறை அவர் என் பக்கம் திரும்பி, "சார் முழிச்சிருக்காரா?" என்று கேட்டார். கையைத் தூக்கிக் காட்டினேன். மறுபடி கைதட்டல். நன்றாகத்தான் பாடினார், இன்னும் பத்துப் பன்னிரண்டு பாட்டு. ஒவ்வொன்றுக்கும் நான் கல்மாதிரி முழித்திருந்தேன். பரீட்சை முடிந்த பிறகு படிக்கிறவனைப் போல.

வெளியே வரும்போது நான் பிரபலம். முன்பின் தெரியாதவர்கள் 'கோரமண்டல் சார்' என்று கூப்பிட்டுச் சிரித்தார்கள். ஒரு குடும்பம் என்னை நடுவில் நிறுத்தி செல்ஃபி எடுத்துக்கொண்டது. எங்கே இருக்கிறது கோரமண்டல் என்று விசாரித்தார்கள். தங்கவயல் என்றதும், ஓ என்றார்கள். நான் வளைந்து வளைந்து எல்லோருக்கும் பதில் சொன்னேன். பத்து நிமிஷத்தில் அவரவர் கார் வந்து அவரவர் போய்விட்டார்கள். பக்கத்து நாற்காலிப் பெண் மட்டும் நல்லவள். அம்மாவை நிறுத்திவைத்துவிட்டு, அந்தப் பாட்டை முழுசாகப் படம் பிடித்திருக்கிறேன், வேண்டுமா அங்கிள் என்றாள். என் போனுக்கு அனுப்பியும் வைத்தாள். வழக்கு பிழைத்துவிட்டது என்று நினைத்தேன். அவளுடைய அம்மாவுக்கும் சேர்த்து இரண்டு கும்பிடு போட்டேன்.

கண்டோன்மெண்ட் ஸ்டேஷனில் ரயிலுக்கு நேரம் இருந்தது. சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து போனைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டேன். வயலின். பல்லவி. முதல் சரணம். அதன் பாதியில் போனுக்கு மிக அருகிலிருந்து புதிதாக ஒரு வாத்தியம் சேர்ந்துகொண்டது. எங்கள் ஊரில் சுரங்கம் ஓடிய காலத்தில், ஆட்களைக் கீழே இறக்கும் கேஜ் கூண்டை இழுக்கிற என்ஜின் ஊருக்கே கேட்கும். அந்த மாதிரி ஒரு உறுமல், ஏற்ற இறக்கத்தோடு. இது யாருடா பாவி என்று யோசித்தேன். இரண்டாவது சரணம் நெருங்கியது. வாத்தியங்கள் ஓய்ந்தன. அவர் மூச்சை எடுத்தார். சரியாக அந்த அரை விநாடியில், உறுமல் உச்சத்துக்குப் போய் 'கொர்ர்ர்' என்று அறுந்து விழுந்தது. அதற்கு அடியில் ஏதோ இருந்தது. என்ன என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

பதினோரு தடவை கேட்டேன். என் குறட்டை மட்டும் மனப்பாடமாகிவிட்டது.

ரயிலில் சுத்தமாகத் தூக்கம் வரவில்லை. நண்பனிடம் என்ன சொல்வது? தூங்கிவிட்டேன் என்றால் சிரிப்பான். அந்தச் சிரிப்பு ஐந்து நிமிஷம் வரும். அழுதார் என்று பொய் சொன்னால் நான் ஜெயிப்பேன்; அவன் முகம் சுருங்கி, சரி என்று போனை வைத்துவிடுவான். தோற்றவனுக்குப் பேச என்ன இருக்கிறது? ஜெயித்தவன்தான் பேசுவான். அவன் ஜெயித்தால் விடமாட்டான். மூச்சு உள்ளே போவதிலிருந்து ஆரம்பிப்பான், நான் சொன்ன மாமியார் வாதத்தை எடுத்து வைத்து நார்நாராகக் கிழிப்பான், ஒரு மணி நேரம் நிச்சயம். பங்காரப்பேட்டை வருவதற்குள் முடிவு செய்துவிட்டேன். இருபத்தாறு வருஷக் கட்சியை விட்டுக்கொடுத்துவிடலாம். சிரித்தார் என்று சொல்லிவிடலாம்.

திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில், குடோனில் பேரிங் பெட்டிகள் மேல் உட்கார்ந்துகொண்டு கூப்பிட்டேன். நெஞ்சு படபடவென்று அடித்தது. பெண் பார்க்கப் போனபோதுகூட இப்படி அடித்ததில்லை. ஆறு தடவை மணி அடித்த பிறகு எடுத்தான். கீழே கேட் பக்கத்தில் நிற்பதாகவும், பேத்தியின் ஸ்கூல் வேன் வருகிற நேரம் என்றும் சொன்னான். முட்டியைப் பற்றிக் கேட்டேன். வீட்டில் எல்லோரையும் பற்றி விசாரித்தேன். அவன் என் சர்க்கரை அளவைக் கேட்டான். அதன் பிறகு நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"மச்சான், கச்சேரிக்குப் போயிட்டு வந்தேன்."

"ஆமா இல்ல. எப்டி இருந்துச்சு? அந்தப் பாட்டுப் பாடுனாங்களா?"

"பாடுனாங்க. அந்த எடத்தையும் கேட்டேன்." கொஞ்சம் நிறுத்தினேன். இழுத்தடிக்கலாம் என்று பார்த்தேன், வேன் வந்துவிடுமே என்ற பயத்தில் முடியவில்லை. "சிரிச்சாங்கடா. சிரிப்புத்தான்."

அந்தப் பக்கம் வண்டிகளின் ஹாரன். நான் அவனுடைய வெற்றிக் கூச்சலுக்காகக் காதைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

"பாத்தியா," என்றான். "அப்போ நீ சொன்னதுதான் கரெக்ட்டு. நான்தான் அழுவுறாங்க, அழுவுறாங்கன்னு ஒரே பிடியா நின்னேன். போவட்டும், ஜெயிச்சிட்ட மச்சான்."

பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தவன் எழுந்து நின்றேன். இல்லைடா, அழுகை என்றது நான், சிரிப்பு என்றது நீ, மூச்சு வெளியே வருகிறது என்று எத்தனை வருஷம் எனக்குப் பாடம் எடுத்தாய் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால், அப்படியா என்றிருப்பான். அவ்வளவுதான். அதற்குள் வேன் வந்துவிட்டது; 'தாத்தா' என்று ஒரு குழந்தையின் குரல் கேட்டது. அவன் குரல் உடனே வேறு குரலானது, எனக்குத் தெரியாத ஒரு குரல், குழைந்து குழைந்து.

"சரி மச்சான், வெச்சிடட்டா? அப்புறமா பேசலாம்."

"சரிடா," என்றேன். "நான்தான் அப்பவே சொன்னேனே, சிரிப்புன்னு."

"ஆமாம்பா, நீதான் சொன்ன," என்று சொல்லிவிட்டு வைத்தான்.

நான்கு நிமிஷம் சில விநாடிகள் என்று போன் காட்டியது. குடோனில் மற்றவர்கள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். என் டிபன் பாக்ஸை இன்னும் திறக்கவில்லை. திறந்து சாப்பிட்டேன். சாயங்கால ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மாலூர் தாண்டியதும் அந்தப் பெண் அனுப்பிய படத்தைப் போட்டுக் கேட்டேன். நான் இப்போது சிரிப்புக் கட்சி; கட்சி மாறியவன் சாட்சியத்தைப் புதுசாகப் பார்க்க வேண்டுமல்லவா. குறட்டைக்கு அடியில் அவர் சிரிப்பது போலவும்தான் இருக்கிறது. எதிர் வாதம் செய்ய ஆள் இல்லாததால் தீர்ப்பை ஒத்திவைத்திருக்கிறேன்.